அப்பாவின் கல் குதிரை பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் மெயிலும், குதிரை, பச்சை நாய், சிங்கம் என்று மூன்று கல் பொம்மைகளின் படங்களும் வந்தன. பதில் தாமதமாகிவிட்டது. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்தது, இப்போது நன்றாக இருக்கிறாள், பேப்பரைக் கையில் எடுத்தால் கீழே வைப்பதில்லை. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று நீ எழுதியது நிம்மதியாக இருந்தது. நடப்பதை மட்டும் விடவேண்டாம் என்று சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா கப்பலில் வேலை பார்த்தபோது ஹாங்காங்கிலிருந்து வாங்கிவந்த குதிரையை ஒரு வியாபாரி பார்த்துவிட்டு "சீனாவின் ஹான் வம்சத்துச் சரக்கு, 2000 வருஷம்" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அவரைக் கேட்டாயா? கல்லின் வயது வேறு, அதைச் செதுக்கிய வேலையின் வயது வேறு. கல் பூமிக்குள் உருவாகிக் கோடிக்கணக்கான வருஷம் ஆகியிருக்கும். ஒரு மனிதன் அதை எப்போது குதிரையாக்கினான் என்று நேராக அளந்து சொல்லும் கருவி கிடையாது. கார்பன் சோதனையும் இதற்கு உதவாது. அதனால் என்ன கல் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, எந்தக் காலமாக இருக்க முடியாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவதுதான் வழி.

நான் சொன்னபடியே நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்து எழுதினாயே, அதுவே பாதி வேலை. பச்சை நாய் 212 கிராம், தண்ணீரில் முங்கும்போது தராசு 82 ஏறியது. வகுத்தால் 2.59 வருகிறது, அதாவது தண்ணீரைவிட அத்தனை மடங்கு கனம். சீனர்கள் பொம்மையும் நகையும் செய்யும் ஜேட் என்ற பெயரில் இரண்டு கற்கள் இருக்கின்றன: நெஃப்ரைட் என்றால் 2.95 பக்கம் வரவேண்டும், ஜேடைட் என்றால் 3.3 பக்கம் வரவேண்டும். இரண்டும் இல்லை என்பதால் உன் நாய் பெரும்பாலும் செர்பென்டைன். லியாவ்னிங் மாகாணத்து சியூயானில் இது ஏராளமாகக் கிடைக்கிறது, கடைகளில் ஜேட் என்றேதான் விற்கிறார்கள். அழகான கல்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிங்கத்தின் அடியில் நகத்தால் அழுத்தினாலே கோடு விழுகிறது என்றாய். அப்படியானால் அது மாக்கல் வகை, நம் வீட்டுக் கல்சட்டிக்குச் சொந்தக்காரக் கல். ஃபூஜியன் மாகாணத்து ஷௌஷான், ஜெஜியாங் மாகாணத்து சிங்தியான் இரண்டும் இந்த மாதிரி மெதுவான கல்லுக்குப் பேர்போன இடங்கள். அடியில் ஆங்கிலத்தில் "சைனா" என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பிய்த்துவிடாதே. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. அதற்கப்புறம்தான் இந்த மாதிரி முத்திரைகள் பெருகின. ஆகவே அது ஏற்றுமதிக்காகச் செய்த பொம்மை.

குதிரை விஷயம்தான் சுவாரஸ்யம். 96 கிராம், தண்ணீரில் 32.5. அதாவது 2.95. எஃகு ஊசியும் கீறாமல் வழுக்கியது என்கிறாய். நெஃப்ரைட் என்றே நினைக்கிறேன், ஒளியைப் பாய்ச்சி என்ன கல் என்று கண்டுபிடிக்கும் ராமன் நிறமாலைக் கருவி வைத்திருக்கும் ஆய்வகத்தில் காட்டினால் கல்லைச் சுரண்டாமலே உறுதிசெய்து தருவார்கள். ஆனால் நெஃப்ரைட் என்பதாலேயே பழசு என்று ஆகிவிடாது. சீனாவில் 5000 வருஷத்துக்கும் மேலாக அதில் வேலை செய்கிறார்கள், இன்றைக்கும் செய்கிறார்கள். இதுவே ஜேடைட்டாக இருந்திருந்தால் கணக்கு சுலபம்: அது பர்மாவிலிருந்து சீனாவுக்கு அதிகமாக வந்ததே 18ஆம் நூற்றாண்டில்தான், ஹான் பேச்சுக்கே இடமிருக்காது.

இனி லென்ஸை எடு. இந்தக் கல்லை உளியால் செதுக்க முடியாது. அதைவிடக் கடினமான மணலையோ குருந்தப் பொடியையோ தண்ணீரோடு சேர்த்து, சுழலும் சக்கரத்தால் தேய்த்துத் தேய்த்துத்தான் கோடு போடுவார்கள். காலால் மிதித்துச் சுற்றிய சக்கரம் போட்ட கோடு சின்னச் சின்ன வெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதாக இருக்கும், முனையில் மெலிந்து முடியும், உள்ளேயும் மழமழவென்று இருக்கும். மின்சாரத்தில் ஓடும் வைர முனை போட்டது ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அகலம், உள்ளே இணையான கீறல்கள். பிடரி மயிர்க் கோடுகளையும், வயிற்றடியில் நூல் கோர்க்கும் துளையையும் பார். பழைய துளை இரு பக்கத்திலிருந்தும் கூம்பாகக் குறுகி, நடுவில் சற்று விலகிச் சந்தித்து ஒரு படி விழுந்திருக்கும். குழாய் போல் நேராகப் போனால் எனக்குச் சந்தேகம்தான்.

முதுகில் அந்தப் பழுப்பு நிறத்தைக் காட்டித்தான் மண்ணுக்குள் கிடந்த பொருள் என்று வியாபாரி சொல்லியிருப்பார். அது சின்ஜியாங்கில் கோட்டான் என்ற ஊர்ப்பக்கத்து ஆற்றுக் கூழாங்கல்லின் இயற்கையான தோலாகவும் இருக்கலாம், அதை வேண்டுமென்றே விட்டுவைத்துச் செதுக்குவது சீனக் கைவினைஞர்களுக்குப் பிடித்தமான வழக்கம். தோல் என்றால் நிறம் உள்நோக்கி மெல்ல மங்கும். சாயம் ஏற்றியது என்றால் விரிசலில் மட்டும் திட்டாகத் தேங்கி நிற்கும். சூடுபடுத்தினால் ஜேட் வெளுத்து மங்கிவிடும், பழசு போல் காட்ட அதையும் செய்திருக்கிறார்கள்.

உருவத்தை மட்டும் நம்பவே கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சோங் வம்ச காலத்திலிருந்தே பழைய பாணியை விரும்பிப் பிரதி எடுத்திருக்கிறார்கள், பிற்பாடு வந்த மிங், சிங் வம்சங்களிலும் அது தொடர்ந்தது. அதைவிட, 1976இல் சீனாவின் அன்யாங்கில் தோண்டிய ராணி ஃபூ ஹாவின் கல்லறையை எடுத்துக்கொள். கி.மு. 1200 வாக்கில் புதைத்தது, 755 ஜேட் பொருட்கள், அதில் யானை, புலி, பறவை என்று எத்தனையோ. அவற்றிலேயே ஒரு ஜேட் பறவை அவளுக்குப் பல நூறு வருஷம் முந்தைய ஷிஜியாஹே என்ற பழைய பண்பாட்டின் காலத்தது என்கிறார்கள். அப்போதே பழம்பொருள் சேர்த்திருக்கிறாள்! கல்லறையிலிருந்து முறையாகத் தோண்டி எடுத்ததிலேயே இத்தனை சிக்கல் இருக்கும்போது, கடையில் வாங்கியதற்கு ஒரே பார்வையில் வயது சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

படுத்தபடி தலையைத் திருப்பிப் பார்க்கும் இந்த மாதிரிக் குதிரைகள் சிங் காலத்தில் நிறையச் செய்தவை. சியென்லுங் பேரரசர் 1759இல் சின்ஜியாங்கைப் பிடித்த பிறகு கோட்டான் கல் தாராளமாக வந்தது, வேலையும் பெருகியது. துளை சரியாக இருந்தால் 18, 19ஆம் நூற்றாண்டு என்று யோசிக்கலாம், இல்லையென்றால் அப்பா வாங்கியபோதே புதுசு. ஹான் என்பதை இப்போதே மறந்துவிடு. லண்டனில் பாப்பாவைப் பார்க்கப் போகும்போது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஹான் கால ஜேட் குதிரைத் தலை ஒன்று இருக்கிறது, கட்டாயம் பார்த்துவிட்டு வா. அந்தத் தாடையும் மூக்குத் துவாரமும் தசை புடைத்து நிற்கும் விதத்தைப் பார்த்த கண்ணுக்கு, உன் குதிரை எவ்வளவு சாதுவானது என்பது தானே புரியும்.

அதுவரை யாரிடமும் பாலிஷ் போடக் கொடுக்காதே, கருவி விட்ட தடயம் எல்லாம் அதோடு போய்விடும். சோப்பும் வேண்டாம். துளையை டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து அனுப்பு, பிடரியைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடு. வியாபாரிக்குப் பதில் சொல்ல அவசரமே இல்லை.

அன்புடன்,
சுந்தரம்