அரை இலை கேட்பவர்களையும் பந்தியில் உட்கார விடுங்கள்

கோயில் நிர்வாகக் குழுத் தலைவர் ஐயாவுக்கும், செயலாளருக்கும், அன்னதானக் கூடத்தில் பரிமாறும் அக்காமார், அண்ணன்மாருக்கும் தென்னாப்பிரிக்கா, டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து வணக்கம்.

புரட்டாசி நெருங்குகிறது. சனிக்கிழமைப் பந்தி தொடங்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். உடல் எடை குறைய வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நம் கோயிலில் நான் ஒருத்தி மட்டுமில்லை. மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. திறந்தால், "வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள்" என்று செருப்பு விடும் இடத்திலேயே பேச்சு ஆரம்பித்துவிடும்.

எனக்குச் செய்தது பைபாஸ். இரைப்பையின் மேல்பக்கம் முட்டையளவு பை ஒன்றை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். ஸ்லீவ் என்று இன்னொரு வகை ஆபரேஷன் உண்டு; அதில் இரைப்பையில் முக்கால் பங்கையே வெட்டி எடுத்துவிடுவார்கள். முதலில் நீராகாரம், அப்புறம் மசித்த சாப்பாடு. மென்று தின்னவே பல வாரம் ஆகும். கொத்துக் கொத்தாக முடி வேறு கொட்டும். சுலபமான வழி என்கிறவர்கள் அந்த மாதங்களில் என் வீட்டுப் பக்கம் வந்திருக்கலாம்.

போன வருஷப் பந்தியில் உட்கார்ந்ததுமே இலையில் சர்க்கரைப் பொங்கல் விழுந்தது. பிரசாதத்தை வேண்டாமென்று சொல்ல மனசு வரவில்லை. இரண்டு வாய்தான். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, ரவிக்கை நனைய வியர்த்து, தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இனிப்பு வயிற்றில் தங்காமல் மளமளவென்று குடலில் இறங்கினால் அப்படித்தான் ஆகும். பக்கத்தில் ஒருவர், "சாமி குத்தம்" என்றார்.

1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி வந்திறங்கிய நம் முன்னோர், கரும்புத் தோட்டத்தில் அளந்து போட்ட அரிசியில் பசியாறியவர்கள். அவர்கள் வழிவந்த நமக்கு இலை நிறையச் சோறு போடுவது எவ்வளவு பெருமை என்று எனக்கும் தெரியும். ஆனால் இலையில் மீந்ததைப் பார்த்து முகம் சுளிக்கிறீர்களே, அதுதான் தாங்கவில்லை. கேட்ட அளவு மட்டும் போடுங்கள். இனிப்புக்கு முன்னால் பருப்பும் பீன்ஸ் கறியும் தயிரும் வரட்டும். எங்களுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும். புரட்டாசியில் முட்டை, மீன் எல்லாம் நின்றுவிடுவதால் அதற்கே திண்டாட்டம். பி12, இரும்புச்சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. விரதம் என்று அவற்றை யாரும் நிறுத்தச் சொல்லாதீர்கள், கோயிலில் வயதில் மூத்தவர்களானாலும் சரி.

காவடி விரதம்தான் பெரிய சிக்கல். பகலெல்லாம் பட்டினி கிடந்து ராத்திரி ஒரே வேளை சாப்பிடுவதற்கு எங்கள் வயிற்றில் இடம் கிடையாது. தண்ணீரையும் மடமடவென்று குடிக்க முடியாது. சாப்பாட்டோடு குடிக்கவும் கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அதனால் ஊர்வலத்தில் தண்ணீர் பாட்டிலோடு நடப்பவரை வரிசையை விட்டு விலக்காதீர்கள். டாக்டர் வேண்டாமென்றால் அலகு குத்தாமல் பால்குடம் மட்டும் எடுக்கட்டும். முருகன் கோபிக்க மாட்டான்; கோபிப்பது நம் ஆட்கள்தான்.

புரட்டாசி நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் குழு கூடுமாமே. ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் நானே வந்து பேசுகிறேன். "அரை இலையும் கிடைக்கும்" என்று அதில் ஒரு வரி போட இடம் இருக்கும்தானே?