கோணல் வீட்டைக் கோணலாகவே வரையுங்கள்

இங்கிலாந்தின் பழைய மரச்சட்டக வீடுகளை அளக்கப் போகும் கட்டடக்கலை மாணவர்களுக்கு,

கணினியில் கோட்டை நேராக்கும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் சாய்ந்த தூணெல்லாம் நிமிர்ந்துகொள்ளும். வீட்டின் வரலாறு அந்த நொடியே அழிந்துபோகும்.

செஷயரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹாலையே பாருங்கள். 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, ஏறக்குறைய நூறாண்டு ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடு. 1559இல் பெரிய கூடத்துக்கு நடுவே ஒரு தளம் போட்டார்கள். அந்தத் தளம் இன்று இல்லை. அதே ஆண்டு முற்றத்துப் பக்கம் சேர்த்த சாளர மாடங்கள் மட்டும் இரண்டடுக்காக நிற்கின்றன. செய்த தச்சர் ரிச்சர்ட் டேலின் பெயர் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. தெற்குப் பகுதியின் உச்சியில் 68 அடி நீளக் கூடம் பிற்பாடு வந்த யோசனை என்றே கருதப்படுகிறது. சுற்றிலும் சாளரம்; தாங்கிப் பிடிக்கச் சுவர் குறைவு. மேலே கனத்த மணற்பாறைப் பலகைக் கூரை. கீழ்த்தள உத்திரங்கள் வளைந்தது இந்தப் பாரத்தால்தான். வரைபடத்தில் வளைவை நீக்கினால் காரணமும் போய்விடும்.

ஒவ்வொரு அறையிலும் இடுப்பளவு உயரத்தில் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் மட்டம்) வைத்து ஒரு மட்டக்கோடு இழுங்கள். தரையையும் உத்திரத்தையும் அதிலிருந்தே அளங்கள். தரை சமமாக இருக்காது. ஒவ்வொரு தூணுக்கும் தூக்குக்குண்டு விட்டு, அடியிலும் தலையிலும் இடைவெளியைக் குறியுங்கள். அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்காமல் விடாதீர்கள். தூண்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அவற்றைச் சாயாமல் பிடிக்கும் குறுக்குவாட்டுச் சாய்வுச் சட்டம் எங்கோ வெட்டப்பட்டிருக்கலாம். கதவு வைக்க வெட்டுவது வழக்கம். உத்திரத்தின் நடு மட்டும் தொய்ந்திருந்தால் மேலே பாரம் ஏறியிருக்கும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால், தூண்கள் நிற்கும் அடிச்சட்டத்தைக் குத்திப் பாருங்கள், பெரும்பாலும் உளுத்திருக்கும்.

கழுந்து (துளையில் செருகும் சட்ட முனை) இல்லாத வெற்றுத் துளைகளைக் கட்டாயம் குறியுங்கள். அங்கே ஒரு சட்டம் இருந்தது, அல்லது மரமே வேறு வீட்டிலிருந்து வந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், எந்தச் சட்டம் எதோடு சேரும் என்று தச்சர் வரிசையாகக் கீறிய ரோமன் எண்கள் தெரியும். வரிசை உடையும் இடத்தில்தான் பிற்கால மாற்றம் இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் பூச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது விக்டோரியா காலத்துப் பழக்கம். ஆதியில் ஓக் மரம் வெயிலில் சாம்பல் வெள்ளியாக வெளுத்திருக்கும், சட்டங்களுக்கு இடையிலுள்ள சுவர் காவி மஞ்சளாக இருந்திருக்கும். பூச்சு உரிந்த இடத்தில் அடுக்குகளைப் படமெடுத்து, எந்தச் சட்டம், எந்தப் பக்கம் என்று அங்கேயே எழுதி வையுங்கள்.