வேனிட்டிக்குக் கர்வம் என்று பொருள் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் 'வேனிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கர்வம்' என்று ஒரே சொல்லில் பொருள் போட்டிருந்தீர்கள். அதை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு என்னிடம் டியூஷனுக்கு வந்தாள் ஒரு பிளஸ் ஒன் மாணவி. "அப்போ 'இன் வெயின்' என்றால் கர்வமாகவா டீச்சர்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி.

லத்தீனில் 'வானுஸ்' என்றால் வெறுமையானது, உள்ளே ஒன்றும் இல்லாதது. அந்த வேர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் வேனிட்டி ஆனது. மறைந்து போவதைச் சொல்லும் 'வேனிஷ்' கூட அதன் உறவுதான். ஆங்கிலத்திலும் முதலில் வெறுமை, பயனின்மை என்றே பொருள். தன் அழகைத் தானே மெச்சிக்கொள்ளும் குணம் என்பது அப்புறம் வந்து சேர்ந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியும் பவுடரும் வைக்கும் வேனிட்டி பேக் இந்தப் பிந்திய பொருளில் வந்தது. அதே வேரில் பிறந்த 'இன் வெயின்' பழைய பொருளிலேயே நிற்கிறது: வீணாக.

என் பாட்டி விளக்கு வெளிச்சத்தில் பைபிளில் பிரசங்கி என்ற நூலைச் சத்தமாக வாசிப்பார்: "மாயை, மாயை, எல்லாம் மாயை." கல்லூரிக்கு வந்த பிறகுதான் 1611-இல் வெளியான ஆங்கில பைபிளைப் பிரித்துப் பார்த்தேன். மாயை இருந்த இடத்தில் வேனிட்டி இருந்தது! எபிரேய மூலத்தில் அது 'ஹெவெல்': மூச்சு, நீராவி. கையில் பிடிக்க முடியாதது. அங்கே கர்வம் என்று போட்டால் வசனமே கெட்டுவிடும்.

கர்வத்துக்கு ஆங்கிலத்தில் 'பிரைடு' இருக்கிறது. பாடுபட்டுக் கட்டிய வீட்டைப் பார்த்தும் ஒருவருக்கு அது வரலாம். வேனிட்டியில் உள்ளே சரக்கு கிடையாது, நாலு பேர் மெச்ச வேண்டும் என்ற ஆசைதான் உண்டு. இதற்குத் தமிழில் நல்ல சொல் இல்லாமல் இல்லை. பைபிளிலேயே, பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், 'வீண்பெருமை' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் அந்தச் சொல்லே வெறுமையும் மகிமையும் சேர்ந்ததுதான். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

தயவுசெய்து அடுத்த வாரம் 'வீண்பெருமை; வெறுமை' என்று இரண்டு பொருளையும் போடுங்கள். நோட்டில் பக்கத்திலேயே இடம் விட்டு வைக்கும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
பாளையங்கோட்டை