பருவ இறுதிக் கடிதம்: பள்ளிக்கு வந்து சேர்ந்த பழைய பொருட்கள் குறித்து

மதிப்புக்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. தேர்வு முடிவுகளும் மனநிறைவு தருகின்றன. ஆசிரியர்களின் உழைப்புக்கும் உங்கள் ஒத்துழைப்புக்கும் நன்றி. மதிப்பெண் அட்டைகள் திங்கட்கிழமை உங்கள் கைக்கு வரும்.

இதே பருவத்தில்தான் பழைய பொருள் சேகரிப்பு வாரத்தையும் நடத்தினோம். வீட்டில் பயன்படாமல் கிடப்பதைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல், தேவைப்படுகிறவர்களுக்கும் மறுசுழற்சிக்கும் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தோம். நீங்கள் மனமுவந்து கொடுத்தீர்கள். இரண்டே நாளில் நூலகத்துக்குப் பக்கத்து அறை நிறைந்துவிட்டது. நன்றாக ஓடும் சைக்கிள்கள், ஒரு தையல் இயந்திரம், பெட்டி பெட்டியாகக் கதைப் புத்தகங்கள் எல்லாம் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் அந்த வாரத்தில் நடந்த வேறு சிலவற்றையும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையிலேயே சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

புதன்கிழமை மதியம், நான்காம் வகுப்பு ஆசிரியை ஒரு துணிப்பையை என் மேசைக்குக் கொண்டுவந்தார். கதைப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு பழைய செல்போன். பேட்டரி உப்பி, பின்மூடியை ஒரு விரல் கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. காலையிலிருந்து அந்தப் பை ஒரு குழந்தையின் காலடியில், மற்ற பைகளோடு நெரிபட்டுக் கிடந்திருக்கிறது. உப்பிய லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கும். அது நசுங்கினாலோ, கூர்மையாக ஏதாவது குத்தினாலோ, உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகிச் சட்டென்று தீப்பிடிக்கக்கூடும். குப்பை லாரிகளும் தரம்பிரிக்கும் கூடங்களும் பற்றி எரிவதற்கு இந்தப் பேட்டரிகள் ஒரு முக்கியக் காரணம். அன்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அது முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த அறை.

மறுநாள் ஒரு மாணவன் எரியாத குழல் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தான். வாசல் படியில் இடறி விளக்கு உடைந்தது. அதற்குள் இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான் என்றாலும், ஆவியாகி மூச்சில் போகக்கூடியது. பிள்ளைகளை அப்புறப்படுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, துடைப்பத்தைத் தொடாமல் கெட்டி அட்டையால் துண்டுகளை வழித்தெடுத்து, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போட்டு வைத்தோம். வீட்டில் உடைந்தாலும் இப்படித்தான் செய்ய வேண்டும். பெருக்கினால் பாதரசம் இன்னும் பரவும்.

மழலையர் வகுப்புக்கு வந்த ஒரு டப்பா நிறையப் பொத்தான் பேட்டரிகள் இருந்தன. பார்க்கப் பளபளவென்று மிட்டாய் மாதிரி இருக்கும். ஒரு குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். தயவுசெய்து இன்றே உங்கள் வீட்டு மேசை இழுப்பறைகளைப் பாருங்கள். தீர்ந்துபோன பொத்தான் பேட்டரிகளின் இரு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அப்புறம், மூட்டைகள். வந்த துணி மூட்டைகளில் சில ஈரமாக இருந்தன. ஒரு மூட்டையில் ஈரத்துணி இருந்தால் இரண்டு நாளில் மூட்டை முழுவதும் பூசணம் பிடித்துவிடும். நல்ல சட்டையும் வீணாகும். இன்னொரு மூட்டைக்குள் உடைந்த கண்ணாடித் துண்டுகள். அதைப் பிரித்த எங்கள் தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு உள்ளங்கையில் நான்கு தையல். வலது கை. இரண்டு வாரம் அவரால் சரியாகச் சோறு பிசைந்து சாப்பிட முடியவில்லை.

சேகரிப்பு வாரம் முடிந்த பிறகும், இரவு நேரத்தில் பள்ளி வாசலில் மெத்தைகளும் ஒரு பழைய டப்பா டிவியும் வைக்கப்பட்டிருந்தன. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது நன்கொடை ஆகாது. பள்ளி வாசல் குப்பை கொட்டும் இடமும் ஆகாது. அந்த டிவியின் கண்ணாடிக் குழாயில் கிலோக்கணக்கில் ஈயம் இருக்கும். தெருவில் கிடந்தால் செம்புக்காக யாராவது அதை உடைப்பார்கள், ஒயரை எரிப்பார்கள், அந்தப் புகை நம் பிள்ளைகள் நடந்து வரும் வழியில்தான் பரவும். நம் வீட்டை விட்டுப் போனால் போதும் என்று இன்னொருவர் தலையில் கட்டுவதை நாமே செய்துவிட்டு, வகுப்பில் சுற்றுச்சூழல் பாடம் நடத்த என்னால் முடியாது. இனி அறிவிப்பு இல்லாத நாளில் எந்தப் பொருளும் வாங்கப்படாது. வாசலில் வைத்துவிட்டுப் போவது யார் என்று தெரிந்தால், திரும்ப எடுத்துப் போகச் சொல்லி நானே அழைப்பேன்.

வீட்டை ஒழிப்பது எவ்வளவு சிரமம் என்பது எனக்கும் தெரியும். வீடு மாறும்போதும், வீட்டில் பெரியவர் ஒருவர் காலமான பிறகும், இரண்டு நாளில் எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டியிருக்கும். அந்த நெருக்கடியில்தான் நல்லது கெட்டது பாராமல் எல்லாம் ஒரே வண்டியில் ஏறிவிடுகிறது. முடிந்தால் ஒரு மாதம் முன்பே ஓர் அறையிலிருந்து ஆரம்பியுங்கள். அப்படியே பயன்படக்கூடியதை முதலில் எடுத்து வையுங்கள். சிறு பழுது பார்த்தால் ஓடக்கூடியது அடுத்தது. மறுசுழற்சிக்கு அனுப்புவது அதற்கும் பிறகுதான். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை அலமாரியை மறுசுழற்சி செய்வது கடினம். அதை உடைக்காமல் முழுசாக இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதே நல்லது. அலுமினியம் அப்படியில்லை. தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட, பழையதை உருக்கினால் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சமாகும். அதனால் ஓட்டை விழுந்த பாத்திரத்தைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். கண்ணாடி பாட்டில்களோடு முகம் பார்க்கும் கண்ணாடியையும் அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரத்தையும் கலக்க வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்னால் பூச்சு இருக்கும். அடுப்புப் பாத்திரம் உருகும் வெப்பநிலை வேறு. கலந்தால் மொத்தமும் கெட்டுவிடும்.

பழைய பிரிட்ஜின் குழாயை வீட்டில் யாரும் வெட்டக் கூடாது. உள்ளிருக்கும் குளிரூட்டும் வாயு வெளியேறினால் ஓசோன் படலத்தைக் கெடுக்கக்கூடும். ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் உலக நாடுகள் மான்ட்ரியல் ஒப்பந்தம் செய்துகொண்டதே இதுபோன்ற வாயுக்களைக் கட்டுப்படுத்தத்தான். பயிற்சி பெற்றவர்கள் வாயுவை உறிஞ்சி எடுத்த பிறகே அதைப் பிரிக்க வேண்டும். செல்போனையும் கணினியையும் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, உள்ளிருப்பதை முழுவதும் அழித்துவிடுங்கள். எங்களுக்கு வந்த இரண்டு போன்களில் குழந்தைகளின் படங்கள் அப்படியே இருந்தன.

ஏழாம் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது, உலகம் முழுவதும் எவ்வளவு மின்னணுக் கழிவு சேர்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். ஐ.நா. அமைப்புகளின் அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். "மீதி எங்கே சார்?" என்று அடுத்த கேள்வி. நிலத்தில் புதைந்தது, எரிக்கப்பட்டது, பாதுகாப்பே இல்லாமல் வெறுங்கையால் பிரிக்கப்பட்டது என்று சொன்னபோது, வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

அதே வாரத்தில் வந்த ஒரு மரப்பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பெற்றோர், காலமான தன் தந்தையின் தச்சுக் கருவிகளைக் கொண்டுவந்தார். துருவைத் தேய்த்து, எண்ணெய் பூசி, உளிகளின் கூர்முனைக்குத் துணி சுற்றி, ஒவ்வொன்றிலும் அதன் பெயரை எழுதிய சீட்டைக் கட்டியிருந்தார். இழைப்புளியின் கைப்பிடி, அந்தப் பெரியவரின் உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்தக் கருவிகள் இப்போது நம் கைத்தொழில் அறையில் இருக்கின்றன. நூலகத்தில் ஆடிக்கொண்டிருந்த பெஞ்சை அவற்றைக் கொண்டுதான் சரிசெய்தோம்.

உங்களில் பலரும் இதே அக்கறையோடுதான் கொடுத்தீர்கள். துவைத்து மடித்த துணிகள், உறை போட்ட புத்தகங்கள், எந்தப் பாகம் வேலை செய்யாது என்று சீட்டு ஒட்டிய மின்விசிறி எல்லாவற்றையும் பார்த்தோம். ஒவ்வொருவருக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி.

அடுத்த பருவத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை 9 மணி முதல் 12 மணி வரை மீண்டும் சேகரிப்பு நடக்கும். பொருட்களைப் பெரியவர்களே கொண்டுவர வேண்டும். பிள்ளைகளின் பையில் அனுப்ப வேண்டாம். பேட்டரி, விளக்கு, பெயின்ட், மருந்து, பூச்சிமருந்து இவற்றைப் பள்ளியில் வாங்க மாட்டோம். அவற்றுக்கென்று உள்ள சேகரிப்பு இடங்களில் கொடுங்கள். பொருட்களைப் பிரித்து அடுக்க அன்று பத்துப் பேராவது தேவைப்படுகிறார்கள். வர முடிந்தவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். தடித்த கையுறைகளைப் பள்ளியே தரும்.

இப்படிக்கு,
அன்புடன்,
தலைமையாசிரியர்