ராக்குக்குக் கிற்றார் மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

ராக் இசை என்றாலே கிற்றார்தான் என்று உங்கள் ஞாயிறு இதழில் எழுதியிருந்தார்கள். கல்லடியில் கல்யாண வீடுகளுக்குக் கீபோர்ட் வாசிக்கிற எனக்கு அது சரியாகப் படவில்லை. 'தி நைஸ்' என்ற இங்கிலாந்து ராக் குழு கலைந்த பிறகு, 1972இல் வந்த தொகுப்பு இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள். எல்லாம் 1967-68 காலத்துப் பாடல்கள். டேவிட் ஓ'லிஸ்டின் கிற்றாரும் இருக்கிறதுதான். ஆனாலும் காது போவது கீத் எமர்சனின் ஹமண்ட் ஆர்கன் என்ற மின் கீபோர்ட்டுக்கே. மேடையில் அவர் கட்டைகளுக்கிடையே கத்தியைச் செருகிவிடுவார். அழுத்திய சுரம் நிற்காமல் ஒலிக்கும், கை வேறு வேலைக்குப் போகும். (என்னுடையது வாடகைக் கீபோர்ட், நான் முயலமாட்டேன்.) லீ ஜாக்சன் பாடுவது சுமார்தான். அடுத்த முறை கீபோர்ட்காரர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

கீபோர்ட் கலைஞர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.