மதினி, சிவப்பு எழுத்தை வாசியுங்கள்

அன்புள்ள மதினிக்கு,

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிப் பழகும்போது எரர் வந்ததும், நேற்று ராத்திரி போனில், "செவப்பா என்னமோ வருது தம்பி, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சோ?" என்று கேட்டீர்கள். அதில் கடைசி வரியை மட்டும் வாசியுங்கள் என்றதும் உங்களுக்குக் கோபம். "சரி பண்ணித் தான்னா என்னையவே வாசிக்கச் சொல்லுதியே!"

சரி பண்ணித் தந்திருப்பேன். ஆனால் பாளையங்கோட்டையில் நான் படித்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அப்படித்தான் நடந்தது. எரர் வந்தால் போதும், சார் கீபோர்டைப் பிடுங்கி நாலு தட்டு தட்டுவார், ஓடிவிடும். ஆறு மாசம் கழித்து சர்டிபிகேட் வந்தது. சொந்தமாக ஒரு வரி எழுத வரவில்லை.

அதனால்தான் பைத்தான் பாட வீடியோவையெல்லாம் மூடிவைத்துவிட்டு அப்பாவின் நெல் நோட்டை எடுக்கச் சொன்னேன். இன்னமும் கோட்டை, மரக்கால் என்ற பழைய அளவில்தானே எழுதுகிறார். 21 மரக்கால் ஒரு கோட்டை. பைத்தான் 3-இல் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம்:

மரக்கால் = 100
மரக்கால் // 21
மரக்கால் % 21

இரண்டாம் வரிக்கு 4 வரும், மூன்றாம் வரிக்கு 16. நாலு கோட்டை, பதினாறு மரக்கால். இரட்டைச் சாய்கோடு முழுசாக எத்தனை என்று சொல்லும். அந்தச் சதவீதக் குறிக்கு இங்கே சதவீதத்தோடு சம்பந்தமே இல்லை, அது மிச்சத்தைச் சொல்லும். (மில்காரர் கிலோவில் கேட்பார். அது அப்புறம்.)

நீங்கள் ஒரு படி மேலே போய், 100 என்று நேரே எழுதாமல், 'இன்புட்' போட்டு, ஓடும்போது கீபோர்டில் அடிப்பதை வாங்கியிருந்தீர்கள். அங்கேதான் சிவப்பு வந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி "டைப்எரர்" என்று வாசித்தீர்கள், பிறகு எஸ், டி, ஆர், பிறகு இன்ட். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. குக்கர் விசில் மட்டும் கேட்டது. "அப்போ நான் அடிச்ச நூறு நம்பர் இல்லையா தம்பி? வெறும் எழுத்தா?"

அதேதான் மதினி. எஸ், டி, ஆர் என்றால் எழுத்து, இன்ட் என்றால் முழு எண். இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். எழுத்தை 21-ஆல் வகுக்க முடியாது. 'இன்ட்' போட்டு எண்ணாக்க வேண்டும் என்று நான் சொன்னது அதற்குப் பிறகுதான். நான் முந்தியிருந்தால் அந்தக் கேள்வி உங்கள் வாயில் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன். அதற்குள் ஒன்று பாருங்கள். 'லென்' என்று ஒன்று இருக்கிறது, எழுத்து எண்ணும். அதனிடம் 'நெல்லை' என்ற சொல்லைக் கொடுங்கள். நமக்கு 3 எழுத்து. அது 6 என்று சொல்லும். சிவப்பாக எதுவும் வராது. ஏன் 6 என்று நீங்களே சொல்லுங்கள். கொம்பையும் புள்ளியையும் விட்டுவிடாமல் எண்ணுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்