உன் அறை ஜன்னலுக்கு ஒரு திரை

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள கௌரிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முட்டு வலி கொஞ்சம் தேவலை. ஆச்சி தினமும் உன்னைக் கேட்கிறாள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உடம்பு, எடை என்று நான் வாயெடுத்தாலே "அம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். உன் மேல் தப்பில்லை. ஆவணியில் நடந்த கல்யாணத்தில் அத்தை பத்துப் பேர் முன்னால் உன் கையைப் பிடித்து, "ஏட்டி, இப்படிச் சதை போட்டுட்டியே" என்றபோது, பக்கத்தில் நின்ற நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு நீ பந்தியில் உட்காரவே இல்லை. அது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் உன் வீட்டில் நான்கு நாள் இருந்தேன் அல்லவா? இரண்டாவது நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். பிரஷர் மாத்திரை போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து எழுந்தேன். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தால், அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் காலாவதித் தேதியைக்கூடப் படிக்க முடிந்தது. நான் எந்த லைட்டையும் போடவில்லை. எதிர் அடுக்ககத்தின் பார்க்கிங் ஃபோகஸ் லைட் ஜன்னல் வழியாக நேராக உன் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. படம் மாற மாற உன் முகம் நீலமாகவும் வெள்ளையாகவும் மாறிக்கொண்டே இருந்தது. கையில் போன் அப்படியே. பக்கத்தில் பதினொன்றரைக்கு வந்த பார்சலின் டப்பா. டிவியை அணைத்தேன். அரைத் தூக்கத்தில் "இருக்கட்டும்மா, இருட்டுன்னா தூக்கம் வராது" என்றாய்.

ஊருக்கு வந்ததும், ராத்திரி வெளிச்சத்தில் தூங்கினால் உடம்புக்கும் எடைக்கும் என்ன ஆகும் என்று தேடித் தேடிப் படித்தேன். முப்பது வருஷம் நைட் டூட்டி பார்த்தவளுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. நான் நர்சிங் படித்த காலத்தில் விழித்திரையில் வெளிச்சத்தை உணர கோல் செல், கூம்பு செல் என்று இரண்டைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பது பிறகுதான் தெளிவானது. 2002-இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன் குழுவினர், தாமாகவே வெளிச்சத்தை உணரும் நரம்பு செல்கள் விழித்திரையில் இருப்பதைக் காட்டினார்கள். மெலனாப்சின் என்ற நிறமி உள்ள செல்கள் அவை. அவற்றின் முக்கிய வேலை உருவத்தைப் பார்ப்பது இல்லை. இப்போது பகலா, இரவா என்று மூளைக்குச் சொல்வதுதான். நீலம் கலந்த வெளிச்சத்துக்குத்தான் அவை அதிகம் துடிக்கும். உன் டிவி, உன் போன், அந்த வெள்ளை ஃபோகஸ் லைட் எல்லாவற்றிலும் நிறைய இருப்பது அந்த நீலம்தான். கண்ணை மூடினாலும் இமை வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போகத்தான் செய்கிறது.

அந்தச் செய்தி போய்ச் சேரும் இடம் மூளையின் அடியில், நெல் அளவுகூட இல்லாத ஒரு நரம்புக் கூட்டம். உடம்பின் கடிகாரம் அதுதான். எப்போது பசிக்க வேண்டும், ராத்திரி வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கணக்குப்படி நடக்கிறது. கல்லீரலுக்கும் கணையத்துக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. அவை சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தும் ஓடும். ராத்திரி மெலடோனின் ஏறியிருக்கும்போது கணையம் இன்சுலினைக் குறைவாகத்தான் விடும். அந்த நேரத்தில் பரோட்டா உள்ளே போனால் சர்க்கரை ரத்தத்தில் வெகு நேரம் நிற்கும்.

ஒரு சுண்டெலி ஆராய்ச்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் படித்தபோது எனக்கு உன் பார்சல் டப்பாதான் ஞாபகம் வந்தது. 2010-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரா ஃபோன்கென் என்பவரும் மற்றவர்களும் செய்தது. சில எலிகளுக்கு ராத்திரி முழு இருட்டு. சிலவற்றுக்கு வெறும் 5 லக்ஸ் மங்கல் வெளிச்சம். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. பௌர்ணமி நிலவு அரை லக்ஸைக்கூடத் தொடாது என்பதை வைத்து அளவைப் பார்த்துக்கொள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் மங்கல் வெளிச்சத்தில் இருந்தவை கூடுதலாக எடை போட்டிருந்தன. இத்தனைக்கும் இரண்டு பக்கமும் தின்ற தீனி ஒரே அளவு, ஓடியாடியதும் ஒரே அளவு. தின்ற நேரம்தான் மாறியிருந்தது. எலி ராத்திரியில் தின்னும் பிராணி. வெளிச்சத்தில் இருந்தவை ஓய்வெடுக்க வேண்டிய பகலில் அதிகம் தின்றன. அப்புறம், தீனியை ராத்திரியில் மட்டும் வைத்தார்கள். அந்தக் கூடுதல் எடை ஏறவே இல்லை.

நீ சோற்றைக் குறைத்தாய், சப்பாத்திக்கு மாறினாய், ஜிம்முக்கும் பணம் கட்டினாய். "எனக்குத்தான் கட்டுப்பாடு இல்லை" என்று அழுதாய். கௌரி, அது உன் மனசின் பலவீனம் இல்லை என்று நான் நம்புகிறேன்.

எலி வேறு, மனுஷி வேறு என்பது சரிதான். அமெரிக்காவில் 43,722 பெண்களை ஐந்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியிட்டிருக்கிறார்கள். படுக்கும் அறையில் டிவியோ லைட்டோ எரிய விட்டுத் தூங்கியவர்களுக்கு 5 கிலோவோ அதற்கு மேலோ கூடும் வாய்ப்பு 17 சதவீதம் அதிகம். இதை வைத்து வெளிச்சம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. டிவியோடு தூங்குகிறவர்களுக்கு வேறு பழக்கங்களும் இருக்கலாம். ஆனால் 2022-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 20 பேரை அறையில் தூங்க வைத்தே சோதித்தார்கள். ஒரே ஒரு ராத்திரி 100 லக்ஸ் வெளிச்சத்தில் தூங்கியவர்களுக்குத் தூக்கத்திலும் இதயத் துடிப்பு இறங்காமல் நின்றது. மறுநாள் காலையில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. உடம்பு முழு ஓய்வுக்கே போகவில்லை என்று அர்த்தம்.

எனக்கு 42 வயதில் சர்க்கரை வந்தது உனக்குத் தெரியும். மாதத்தில் ஒரு வாரம் நைட். வார்டில் விடிய விடிய டியூப் லைட். அணைக்கக் கூடாது என்று உத்தரவு. மூன்று மணிக்குத் தூக்கம் தள்ளும்போது டீயும் பன்னும். எங்கள் செட்டில் பலருக்கும் ஒவ்வொருவராகச் சர்க்கரை வந்தது. "வயசாகுது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். யாரும் எங்கள் இரவைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் டூட்டிக்குப் போன ராத்திரிகளில் நீ அழுகிறாய் என்று ஆச்சி அந்தச் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பை எரிய விடுவாள். இருட்டில் தூங்கத் தெரியாத பிள்ளையாக உன்னை ஆக்கியது நான்தான் என்று பல நாள் மருகியிருக்கிறேன். அந்த அமெரிக்கப் பெண்களில் சின்ன நைட் லேம்ப் மட்டும் வைத்தவர்களுக்கு எடை கூடியதாகத் தெரியவில்லை. சிவப்பு வெளிச்சம் அந்தச் செல்களை அவ்வளவாகத் தொடுவதும் இல்லை. படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. பயமாக இருந்தால் அதே மாதிரி சிவப்பு பல்பு ஒன்று, தரையோரமாக, போதும்.

உன் ஷிப்ட் பத்து மணிக்குத்தான் முடிகிறது, அதை மாற்றச் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோய் ஏழரை மணி பிரேக்கில் சாப்பிட்டுவிடு. வீடு வந்து பசித்தால் ஒரு டம்ளர் மோர். டிவியை ஹாலுக்கு மாற்று. போனை அடுப்படியில் சார்ஜுக்குப் போடு. காலையில் காபியை எடுத்துக்கொண்டு பால்கனி வெயிலில் இருபது நிமிஷம் நில். உடம்பின் கடிகாரத்துக்கு விடிந்தது தெரிய வேண்டும். எடை மெஷினை ஒரு மாதம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு. எவ்வளவு குறையும் என்று என்னால் சொல்ல முடியாது. உன் தூக்கம் தூக்கமாக இருக்கட்டும், அதுதான் எனக்கு முதலில் வேண்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். கருநீலத் துணியில், உள்பக்கம் இன்னொரு துணி வைத்து, நம் தெரு டெய்லர் தைத்த ஜன்னல் திரை. வீட்டில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், வெளிச்சம் வரவில்லை. ஊருக்குக் கிளம்பும் அன்று நீ குளித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலைச் சாணால் அளந்தேன். அகலம் ஏழு சாண், உயரம் ஆறரை. பக்கத்துக்கு ஒரு ஜாண் கூடுதலாகவே விட்டிருக்கிறேன், ஓரத்தில் வெளிச்சம் கசியக் கூடாது என்று. மாட்டிவிட்டு, லைட்டை அணைத்து, கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார். விரல் தெரிந்தால் சொல், கீழே இன்னொரு பட்டை வைத்துத் தைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா